முத்தும் மாணிக்கக்கல்லும்: நிறுப்பது, அளப்பது, விலை பார்ப்பது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் தங்கம் பற்றித் தெரியாதவர் குறைவு. பவுண் விலை எல்லோருக்கும் தெரியும், கல்லின் கணக்கு அப்படித் தெரிவதில்லை. தோட்டில் வைத்த கல், பாட்டியின் முத்துமாலை, இராசிக்கல் மோதிரம், காணியில் எடுத்த பளபளப்பான துண்டு என்று கேள்வி வரும் வழிகள் பல. ரூபாக் கணக்கில் விலைப்பட்டியல் இங்கே இல்லை. அது மாதத்துக்கு மாதம் மாறும். மாறாத கணக்குகளை மட்டும் சொல்கிறோம்.

கல்லுக்குச் சொல்லும் கரட்டும் தங்கத்துக்குச் சொல்லும் கரட்டும் ஒன்றா?

இல்லை. கல்லில் கரட் என்பது நிறை: 200 மில்லிகிராம். ஒரு கிராமுக்கு 5 கரட், ஒரு பவுணுக்கு (8 கிராம்) 40 கரட். தங்கத்தில் கரட் என்பது தூய்மை: 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பது. 22 கரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு.

ஒரு கரட்டை நூறாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு புள்ளி என்பார்கள். "முப்பது புள்ளிக் கல்" என்றால் 0.30 கரட், அதாவது 60 மில்லிகிராம். 200 மில்லிகிராம் என்ற அளவை 1907இல்தான் உலக அளவில் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன் ஊருக்கு ஊர் கரட் சற்று வேறுபட்டது. ஆகவே மிகப் பழைய சீட்டில் உள்ள கரட் எண்ணை அப்படியே நம்பாமல் மறுபடி நிறுப்பது நல்லது.

முத்துக்கு ஏன் வேறு அலகு சொல்கிறார்கள்?

கடலில் தானாக விளைந்த முத்தை முத்துக் கிரெய்ன் கணக்கில் நிறுப்பது பழைய வழக்கம். ஒரு முத்துக் கிரெய்ன் 50 மில்லிகிராம், அதாவது கால் கரட். மருந்துக்கும் வெள்ளிக்கும் வழங்கிய கிரெய்ன் ஏறக்குறைய 64.8 மில்லிகிராம். இரண்டையும் கலந்துவிட்டால் முப்பது வீதம் பிழைக்கும்.

வளர்ப்பு முத்தை மொத்தமாக வாங்குவோர் ஜப்பானிய மொம்மே கணக்குப் பார்ப்பார்கள்: 3.75 கிராம் அல்லது 18.75 கரட். ஆயிரம் மொம்மே ஒரு கான். சில்லறையில் மாலை வாங்கும் ஒருவருக்கு இது தேவைப்படாது. அங்கே மில்லிமீற்றர்தான் பேசும்.

சாத்திரியார் "ஏழு ரத்தி போடு" என்கிறார். எத்தனை கரட்?

ரத்தி என்பது குன்றிமணியின் நிறை. இந்தியப் பொற்கொல்லர் கணக்கில் ஒரு ரத்தி சுமார் 0.12 கிராம், அதாவது 0.6 கரட். ஆனால் வட இந்தியக் கல் வியாபாரிகள் சிலர் 'பக்கி ரத்தி' என்று சுமார் 0.9 கரட்டைச் சொல்வார்கள். எனவே ஏழு ரத்தி என்பது ஒரு கடையில் நாலேகால் கரட், இன்னொரு கடையில் ஆறே கால் கரட்டுக்கும் மேல். இணையத்தில் இந்தியக் கடையிலிருந்து வாங்குவோர் இதில்தான் அதிகம் அகப்படுகிறார்கள். ரத்தியில் விலை சொன்னால், "மில்லிகிராமில் எவ்வளவு?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

குன்றிமணியையும் மஞ்சாடியையும் விதையாக வைத்து இன்று நிறுக்க முடியாது. ஒரே கொடியில் பறித்த மணிகளே ஒன்றுக்கொன்று நிறை வேறுபடும், காய்ந்தால் இன்னும் குறையும்.

கல் நிறுக்க எந்தத் தராசு வேண்டும்?

நகைக்கடையில் தங்கம் நிறுக்கும் இலத்திரனியல் தராசு பெரும்பாலும் 0.01 கிராம் வரை காட்டும். தங்கத்துக்கு அது போதும். கல்லுக்குப் போதாது, ஏனெனில் 0.01 கிராம் என்பது 0.05 கரட். 0.30 கரட் கல்லை அதில் வைத்தால் 0.06 கிராம் என்று வரும். உண்மை 0.28ஆகவும் இருக்கலாம், 0.32ஆகவும் இருக்கலாம். கல்லுக்குக் குறைந்தது 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும் (0.005 கரட்). ஆய்வுகூடங்களில் 0.001 கரட் வரை காட்டும் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள்.

வியாபாரத்துக்குப் பயன்படும் தராசை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தினர் சோதித்து முத்திரையிட வேண்டும். கடையில் தராசைப் பார்க்கும்போது முத்திரை இருக்கிறதா, எந்த ஆண்டு முத்திரை என்று பாருங்கள்.

ஒரே கல்லை மூன்று தரம் வைத்தால் மூன்று எண் வருகிறதே?

முதல் காரணம் காற்று. மேலே சுழலும் காற்றாடியே 0.02 கரட் வரை ஆட்டிவிடும். நிறுக்கும்போது காற்றாடியை நிறுத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள், தராசின் மூடியை மூடுங்கள்.

இரண்டாவது, தளம். மரமேசை ஆடினால் எண்ணும் ஆடும். நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கும்படி கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள். சீமெந்துத் திண்ணை மிக நல்லது. மூன்றாவது, சூடு. வெயிலில் நின்ற மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து எடுத்த தராசை உடனே போட்டால் அரை மணி நேரம் எண் நகர்ந்துகொண்டே இருக்கும். வைகாசி, ஆனி வெயிலில் இது கட்டாயம் நடக்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின், தராசோடு தந்த சரிபார்ப்புப் படியை வைத்துப் பாருங்கள். 20 கிராம் படி 100.00 கரட் காட்ட வேண்டும். படியை வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வை எண்ணெய் அதில் ஏறும்.

கல்லையும் அப்படித்தான். மெல்லிய சோப்புநீரில் கழுவி, பஞ்சில்லாத துணியால் துடைத்து, சாவணத்தால் எடுத்து வையுங்கள். தோட்டிலிருந்து கழற்றிய கல்லின் அடியில் அரக்கும் அழுக்கும் ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்தே நிறுக்கும். மூன்று தரம் நிறுத்து, நடுவில் வரும் எண்ணை எழுதுங்கள்.

தசமத்தில் இரண்டாம் இடம் வரை எழுதுவதே வழக்கம். வைரத்தில் மூன்றாம் இடம் 9 ஆக இருந்தால் மட்டுமே மேலே ஏற்றும் முறை பெரிய ஆய்வுகூடங்களில் உண்டு: 0.999 என்றால் 1.00, 0.998 என்றால் 0.99. இதில் பிடிவாதம் ஏன் என்பது விலைக் கேள்வியில் விளங்கும்.

நகையில் பதித்த கல்லைக் கழற்றாமல் நிறை அறிய முடியுமா?

மதிப்பிடலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மில்லிமீற்றரில் வேணியர் இடுக்கியால் அளந்து, கல் இனத்தின் சாரடர்த்தியையும் (அதே பருமனான நீரைவிட எத்தனை மடங்கு பாரம் என்ற எண்) வடிவத்துக்குரிய எண்ணையும் பெருக்கினால் கரட் வரும்.

வட்டம்: சராசரி விட்டம் × சராசரி விட்டம் × ஆழம் × சாரடர்த்தி × 0.0018.
முட்டை வடிவம்: நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் வகுத்ததன் வர்க்கம் × ஆழம் × சாரடர்த்தி × 0.0020.
மூலை வெட்டிய செவ்வகம்: நீளம் × அகலம் × ஆழம் × சாரடர்த்தி × 0.0025.
மேல் பட்டையில்லாமல் வழவழப்பாகக் குவிந்து, அடி தட்டையாக இருக்கும் முட்டை வடிவக் கல்: நீளம் × அகலம் × ஆழம் × சாரடர்த்தி × 0.0026.

உதாரணமாக 8 × 6 மில்லிமீற்றர், 4 மில்லிமீற்றர் ஆழமுள்ள முட்டை வடிவ நீலக்கல். சராசரி 7, வர்க்கம் 49. நீலத்தின் சாரடர்த்தி 4. ஆகவே 49 × 4 × 4 × 0.0020 = 1.57 கரட்.

பிழை வருவது பெரும்பாலும் ஆழத்தில். பின்பக்கம் திறந்த நகையில் ஆழத்தை அளக்கலாம். பின்பக்கம் தகடு அடித்து மூடியிருந்தால் அளக்க வழியில்லை. அகலத்தில் அறுபது, அறுபத்தைந்து வீதம் ஆழம் என்று ஊகித்துக்கொள்வார்கள். அந்த ஊகத்தில் பதினைந்து வீதம் முன்பின் சர்வசாதாரணம். அடி வயிறு ஊதிய கல்லாக இருந்தால் இந்தக் கணக்கு குறைத்தே காட்டும், பத்து வீதமாவது கூட்டிக்கொள்ள வேண்டும்.

முத்துக்குக் கணக்கு எளிது. உருண்டை முத்தானால் விட்டம் × விட்டம் × விட்டம் × 0.0071. 6 மில்லிமீற்றர் முத்து 1.53 கரட், 8 மில்லிமீற்றர் முத்து 3.64 கரட். பார்வைக்குச் சற்றே பெரிது, நிறையில் இரண்டு மடங்குக்கும் மேல். துளையிட்டதால் குறைவது சிறிது: 7 மில்லிமீற்றர் முத்தில் 0.8 மில்லிமீற்றர் துளை ஊடுருவப் போட்டால் சுமார் 0.05 கரட் போகும், அதாவது இரண்டு வீதம்.

அடகு வைக்கும்போது "கல்லு நிறை" என்று கழிக்கிறார்களே, அது சரியா?

கழிப்பது சரி, எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அடகுக்காரர் தங்கத்துக்கே பணம் தருகிறார். மொத்தம் 4.60 கிராம் மோதிரத்தில் 3 கரட் கல் இருந்தால் கல் 0.60 கிராம், தங்கம் 4.00 கிராம், அதாவது அரைப் பவுண். கண்மதிப்பில் 1 கிராம் என்று கழித்தால் உங்களுக்கு 0.40 கிராம் தங்கம் போகிறது. மேலே உள்ள கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் பேசலாம்.

வாங்கும்போது இதே கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். அதே மோதிரத்தை 4.60 கிராமுக்கும் தங்க விலை போட்டு விற்றால், 0.60 கிராம் கண்ணாடிக்கோ செயற்கைக் கல்லுக்கோ தங்க விலை கொடுக்கிறீர்கள். அதன்மேல் சேதாரமும் கூலியும் வேறு. பற்றுச்சீட்டில் மொத்த நிறை, தங்க நிறை, கல் நிறை மூன்றும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் விலை பேசுவதே வீண்.

உள்ளே அரக்கு நிரப்பிய அட்டியல், பதக்கம் போன்றவற்றில் அரக்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. செய்த பத்தர் எழுதிய சீட்டு இருந்தால்தான் உண்டு. இடப்பெயர்வில் சீட்டுத் தொலைந்த பழைய நகைகளுக்கு, விற்பதானால் மட்டும், கல்லைக் கழற்றி அரக்கை எடுத்து உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்வதுதான் ஒரே வழி.

கல் என்ன இனம் என்று தண்ணீரில் நிறுத்துக் கண்டுபிடிக்கலாமாமே?

ஆம், நகையில் பதிக்காத கல்லுக்கு இது நல்ல சோதனை. தராசு மட்டும் 0.01 கரட் வரையாவது காட்ட வேண்டும்.

சிறிய பிளாஸ்ரிக் கிண்ணத்தில் பாதிக்கு நீர் எடுங்கள். கிணற்று நீர் வேண்டாம். நம் பக்கத்து நீரில் சுண்ணாம்பும் உப்பும் அதிகம், கல்லில் படலம் விடும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் நல்லது. அதையும் ஒருதரம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கரைந்த காற்று போய்விடும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள், குமிழி ஒட்டாது. சிறு தராசுகளின் கொள்ளளவு 20, 50 கிராம் அளவில்தான் இருக்கும், கிண்ணமும் நீரும் அதைத் தாண்டக்கூடாது.

முதலில் கல்லை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதுங்கள். பிறகு நீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய நைலோன் நூலில் கல்லைக் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியையும் சுவரையும் தொடாமல் பிடியுங்கள். கை நடுங்கும், ஆகவே நூலை ஒரு குச்சியில் கட்டி இரண்டு புத்தகங்களுக்கு நடுவே வையுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் இடம்பெயர்த்த நீரின் நிறை. உலர் நிறையை இதனால் வகுத்தால் சாரடர்த்தி.

5.20 கரட் கல், நீரில் 1.30 காட்டினால் 5.20 ÷ 1.30 = 4.00. அது நீலம் அல்லது ரூபி இனமாக இருக்கலாம். அதே 5.20 கரட் கல் 1.96 காட்டினால் 2.65, அது படிகம் (குவாட்ஸ்). மற்றவை: மரகதம் 2.72 அளவில், வைரம் 3.52, புஷ்பராகம் என்று விற்கும் கல் உண்மையான தோப்பாஸ் என்றால் 3.53, மஞ்சள் நீலக்கல் இனம் என்றால் 4.00. ஸ்பினல் 3.60, கோமேதகம் 3.65, வைடூரியம் 3.73. வைரம் என்று விற்கும் கியூபிக் சிர்கோனியா 5.6க்கும் மேல், கையில் வைத்தாலே பாரம் தெரியும்.

குமிழி ஒட்டினால் நீர் அதிகம் இடம்பெயரும், விடை குறைந்து வரும். ஒரு கரட்டுக்குக் குறைந்த கல்லில் தராசின் 0.01 பிழையே விடையை நாலு வீதம் திருப்பிவிடும், அப்போது ஸ்பினலையும் கோமேதகத்தையும் பிரிக்க முடியாது. 3 கரட்டுக்கு மேல் நம்பலாம். நீர் 30 பாகை சூட்டில் இருப்பதால் வரும் பிழை அரை வீதத்துக்கும் குறைவு, கவலை வேண்டாம். கோர்த்த முத்து, துளையுள்ள கல், எண்ணெய் ஊட்டிய மரகதம் ஆகியவற்றை இப்படிச் சோதிக்க வேண்டாம்.

4.00 வந்துவிட்டது. அப்படியானால் என் சிவப்புக்கல் அசலா?

இனம் ரூபியாக இருக்கலாம், அவ்வளவுதான். நிலத்தில் விளைந்ததா, உலையில் விளைந்ததா என்பதை நிறை சொல்லாது. சுவாலையில் உருக்கிச் செய்யும் செயற்கை ரூபி 1900களின் தொடக்கத்திலிருந்தே சந்தையில் உண்டு. பொருளும் அடர்த்தியும் அச்சொட்டாக ஒன்றே. ஆகவே "பாட்டி காலத்துக் கல், அப்போது போலி ஏது?" என்ற வாதம் எடுபடாது. நம் வீடுகளில் உள்ள பழைய சிவப்புக்கல் தோடுகளில் செயற்கைக் கல் தாராளமாக உண்டு.

பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். உள்ளே வில்லாக வளைந்த கோடுகளோ, உருண்டைக் காற்றுக் குமிழிகளோ தெரிந்தால் அது சுவாலைக் கல். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக, மூலை திரும்பி ஓடும். கல் குறையே இல்லாமல், பெரிதாக, கடும் சிவப்பாக, மலிவாக இருந்தால் சந்தேகம் முதலில் வர வேண்டும்.

இன்னொரு வகை, வெடிப்புகளில் ஈயக் கண்ணாடி நிரப்பிய ரூபி. இது இயற்கைக் கல்தான், ஆனால் பெறுமதி மிகக் குறைவு. பத்தர் அருகில் நெருப்புக் காட்டினாலோ அமிலத்தில் போட்டாலோ கண்ணாடி கெட்டு வெடிப்புகள் வெளுக்கும். மோதிரம் பெருப்பிக்கக் கொடுக்கும்போது கல்லைக் கழற்றிவிட்டே வேலை செய்யச் சொல்லுங்கள்.

மன்னார் முத்தை அந்தக் காலத்தில் எப்படி விலை பார்த்தார்கள்?

அரிப்பு, சிலாவத்துறைக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்து முறை இன்றைக்கும் படிக்க வேண்டியது. வெறும் நிறையை நம்பினால் எப்படி ஏமாறுவோம் என்பதை அது சரியாகப் பிடித்திருந்தது.

சிப்பியை ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். வாங்கியவர் அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பார். எடுத்த முத்தைப் பித்தளைச் சல்லடைகளில் போட்டுச் சலிப்பார்கள். சல்லடையைப் பெட்டி என்றார்கள். ஒரே அளவான பத்துப் பெட்டிகள். துளைகள் 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். இருபதில் தங்குவது மிகப் பெரிய முத்து. ஆயிரத்திலும் தங்காமல் விழுவது தூள். பிறகு ஒவ்வொரு பெட்டியில் தங்கியதையும் உருட்சியும் ஒளியும் பார்த்துப் பிரிப்பார்கள். இரண்டிலும் குறையில்லாதது ஆணி. அதற்குக் கீழே குறைக்கு ஏற்பப் பல தரம்.

அதன்பின்தான் நிறை. முத்தின் விலை நிறையின் வர்க்கத்தைப் பின்பற்றும் என்பது வணிகர் கணக்கு. அடிப்படை விலை 100 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கிரெய்ன் முத்து 2 × 2 × 100 = 400. 4 கிரெய்ன் முத்து 4 × 4 × 100 = 1,600. நிறை இரண்டு மடங்கு, விலை நாலு மடங்கு. பெரிய முத்து அவ்வளவு அரிது. உயர்ந்த முத்துக்கு அடிப்படை விலையை ஏற்றுவார்கள், வர்க்கக் கணக்கை மாற்ற மாட்டார்கள்.

பல முத்துகளை ஒன்றாக நிறுத்தால், மொத்த நிறையின் வர்க்கத்தை முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். பத்து முத்து, மொத்தம் 20 கிரெய்ன்: 400 ÷ 10 = 40. நாற்பதை அடிப்படை விலையால் பெருக்கினால் 4,000 ரூபா.

பத்தும் ஒரே அளவானால் இது சரி. அவற்றில் ஐந்து 1 கிரெய்ன், ஐந்து 3 கிரெய்ன் என்றால்? மொத்தம் அதே 20, எண்ணிக்கையும் அதே பத்து, கணக்கும் அதே 40. ஆனால் தனித்தனியே பார்த்தால் ஐந்து ஒன்றும் ஐந்து ஒன்பதும், கூட்டினால் 50. கலந்து விற்றவருக்கு ஐந்தில் ஒரு பங்கு நட்டம். முதலில் சலிப்பதன் காரணம் இதுதான்: அளவு ஒன்றாக்காமல் மொத்தமாக நிறுத்தால் விற்பவர் தோற்பார். இன்றைக்கும் சிறு கற்களைப் பொட்டலமாக விற்க வருவோர் நல்ல கல்லையும் நொய்யையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். வாங்குபவர் அதற்கு மறுப்புச் சொல்வதே இல்லை.

இப்போது கடையில் வாங்கும் முத்துமாலைக்கும் அதே கணக்கா?

இல்லை. இன்று கடையில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்து. அவற்றை மில்லிமீற்றரில் அளந்து, அரை மில்லிமீற்றர் படியாகச் சொல்வார்கள்: 7–7.5 என்றால் சிறியது 7, பெரியது 7.5. நடுவில் பெரிதும் ஓரத்தில் சிறிதுமாகக் கோர்த்த மாலைக்கு மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் எழுத வேண்டும். பெரியதை மட்டும் சொல்லி விலை பேசுவது பழைய தந்திரம்.

அளவுக்குப் பின் முதல் இடம் ஒளிர்வுக்கு. முத்தில் உங்கள் முகமும் யன்னலும் கூர்மையாகத் தெரிந்தால் நல்லது, புகைமூட்டமாகத் தெரிந்தால் மேற்படை மெல்லியது. உள்ளே சிப்பி ஓட்டு மணி வைத்து வளர்த்த முத்தில் முத்துப்படை அரை மில்லிமீற்றருக்கும் மிகக் குறைவாக இருந்தால், சில ஆண்டு வியர்வையிலேயே தேய்ந்து உள்மணி வெளியே தெரியும். அதன் பின்னரே உருட்சி, மேற்பரப்புப் புள்ளி, நிறம், ஒன்றோடொன்று இணக்கம். வெள்ளைத் துணியில் மாலையை உருட்டிப் பாருங்கள், நெளிந்து நெளிந்து ஓடினால் முத்து முழு உருண்டை இல்லை.

மாலையை நிறுக்க வேண்டியிருந்தால் கொக்கியின் நிறையைக் கழியுங்கள். நனைந்த பட்டுநூல் நீரைக் குடித்திருக்கும், ஒரு நாள் காயவிடுங்கள். 40 சென்றிமீற்றர் நீளம், 7 மில்லிமீற்றர் முத்து, அத்தகைய மாலை சுமார் 28 கிராம் வரும். மிகவும் குறைந்தால் பிளாஸ்ரிக் என்று சந்தேகிக்கலாம்.

அசல் முத்தா என்று பல்லில் உரசிப் பார்த்தால் போதுமா?

பல்லில் நறநற என்றால் முத்துப்படை இருக்கிறது, வழுக்கினால் பூச்சுப் போட்ட கண்ணாடி அல்லது பிளாஸ்ரிக். இயற்கையா வளர்ப்பா என்று பல் சொல்லாது, இரண்டுக்கும் ஒரே படைதான். இரண்டு முத்தை மெதுவாக ஒன்றோடொன்று உரசினாலும் இதே விடை கிடைக்கும், பிறர் கழுத்தில் கிடந்ததை வாயில் வைக்க வேண்டியதில்லை.

துளையின் வாயை உருப்பெருக்கியில் பாருங்கள். போலியில் பூச்சு உரிந்து கண்ணாடி விளிம்பு தெரியும். வளர்ப்பில் படைக்கும் உள்மணிக்கும் நடுவே ஒரு கரிய கோடு தெரியலாம். இயற்கை என்று உறுதி சொல்ல எக்ஸ்கதிர்ப் படம் வேண்டும். அது இல்லாமல் "இது மன்னார்க் கடல் முத்து" என்று யார் சொன்னாலும் அந்தச் சொல்லுக்குத் தனி விலை கொடுக்காதீர்கள்.

சிப்பி உடைத்தபோது சிறு முத்து கிடைத்தது. என்ன பெறும்?

பெரும்பாலும் 2 மில்லிமீற்றருக்குள் இருக்கும். 2 மில்லிமீற்றர் என்றால் 0.06 கரட் அளவு. பழைய கணக்கில் தூளுக்கு அடுத்த படி. தனியாக விலை போகாது. 4 மில்லிமீற்றரைத் தாண்டி, உருண்டையாக, ஒளியோடு இருந்தால் ஆய்வுக்கு அனுப்பலாம். அதுவரை துளையிடவோ எலுமிச்சை, வினாகிரி பட விடவோ வேண்டாம். முத்து கல்சியம் காபனேற்று, அமிலம் பட்டால் கரையும். கறிக்குப் போட்டு வெந்தபின் கண்டெடுத்த முத்தின் ஒளி பெரும்பாலும் போயிருக்கும்.

கல்லின் விலை எப்படி ஏறுகிறது?

ஒரு கரட்டுக்கு இவ்வளவு என்று பேசி நிறையால் பெருக்குவார்கள். கரட் விலையே நிறையோடு மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே தரமான இரண்டு 1 கரட் நீலம் சேர்ந்து ஒரு 2 கரட் நீலத்தின் விலைக்கு வராது. 1, 2, 3, 5 கரட் என்ற எல்லைகளில் விலை படியேறும். 0.99க்கும் 1.00க்கும் நடுவே கண்ணுக்கு வித்தியாசம் இல்லை, விலைக்கு உண்டு. தசமத்தில் பிடிவாதம் அதனால்தான்.

நிறக் கல்லில் நிறமே முதல். அதைக் கடை விளக்கில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மஞ்சள் விளக்கு சிவப்பையும் இளஞ்சிவப்பையும் தூக்கிக் காட்டும், நீல ஒளி கலந்த வெள்ளை எல்ஈடி நீலத்தைத் தூக்கும். கல்லை வெளியே கொண்டுவந்து, நேர் வெயிலில் அல்லாமல் நிழலில், வெள்ளைக் கடதாசியில் வைத்துப் பாருங்கள். காலை ஒன்பது, பத்து மணி நல்ல நேரம். ஒரே இனத்தில் இரண்டு கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிறம் தெரியும். தனியே பார்த்தால் எல்லாக் கல்லும் அழகு.

அடுத்தது பட்டை. மேலிருந்து பார்க்கும்போது நடுவில் கடதாசியின் எழுத்து தெரிந்தால் அடிப்பட்டை மிகத் தட்டை. அடி வயிறு பெருத்திருந்தால் நிறை கீழே ஒளிந்திருக்கிறது. நம் நாட்டில் நிறையைக் காப்பாற்ற இப்படி வெட்டும் வழக்கம் உண்டு. 3 கரட்டுக்குப் பணம் கொடுத்து, இரண்டரைக் கரட் கல்லின் முகத்தை வாங்குகிறீர்கள். மறுபடி பட்டை தீட்டினால் அந்த அரைக் கரட் தூசியாகப் போகும். விலை பேசும்போது மீந்து நிற்கப்போகும் நிறைக்கே பேசுங்கள்.

பிறகு சூடுகாட்டல். பால்போல் மங்கலான கெவுடாக் கல்லை 1,600 பாகைக்கு மேல் சூடாக்கி நீலமாக்குவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது, சந்தை ஏற்றுக்கொண்ட வேலை. மறைப்பதுதான் பிழை. சூடு காட்டாத நீலத்துக்கு அதே நிறத்தில் விலை கூட. காட்டியதா இல்லையா என்பதை உருப்பெருக்கியும் ஆய்வுகூடமும்தான் சொல்லும்.

எங்கள் காணியில் கிணறு வெட்டும்போது மின்னும் கல் கிடைத்தது.

பெரும்பாலும் படிகம் அல்லது கார்னெட். புவியியலாளர் 'வன்னித் தொகுதி' என்று அழைக்கும் பழைய பாறையில் வவுனியாப் பக்கம் இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரம் பெரிதும் சுண்ணக்கல். இரத்தினபுரி, எலஹெர போன்ற பெயர்பெற்ற கல் நிலங்கள் 'மேட்டுநிலத் தொகுதி' என்ற வேறொரு பாறைப் பிரிவில் உள்ளன. கொக்கிளாய், புல்மோட்டைக் கருமணலில் உள்ள சிவந்த மணிகளும் கார்னெட்தான், பட்டை தீட்ட முடியாத அளவு சிறியவை.

சுத்தியலால் உடைத்தோ கண்ணாடியைக் கீறியோ பார்க்காதீர்கள். படிகமும் கண்ணாடியைக் கீறும், ஆகவே அதில் ஒன்றும் தெரியாது. தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். 2.65 வந்தால் சாமான்கள் வைக்கும் தட்டில் வைத்துவிடலாம். 3.5க்கு மேல் வந்து, கல் ஒளியை ஊடுருவ விட்டால், கொழும்பில் தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் காட்டுங்கள். கல் தேடித் தோண்டுவதற்கு அதே சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும், சொந்தக் காணியானாலும்.

பட்டை தீட்டாத கல்லின் நிறையைப் பார்த்துக் கனவு காண வேண்டாம். தீட்டாத பத்துக் கரட் கல்லில் இரண்டு, மூன்று கரட் நல்ல கல் வந்தால் போதுமானது. வெடிப்பு உள்ளே ஓடினால் அதுவும் இல்லை.

ஆய்வறிக்கை இருந்தால் விலை தெரிந்துவிடுமா?

அறிக்கையில் இனம், நிறை, மில்லிமீற்றர் அளவு, நிறம், வடிவம், இயற்கையா செயற்கையா, சூடு காட்டியதா என்பவை இருக்கும். விலை இருக்காது. விலை எழுதுவது மதிப்பீட்டுச் சீட்டு, அது வேறு. காப்புறுதிக்கு எழுதிய மதிப்பு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும், அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள்.

கையில் உள்ள கல்லும் அறிக்கையில் உள்ள கல்லும் ஒன்றுதானா என்று பார்க்க, நிறையையும் மூன்று அளவுகளையும் நீங்களே எடுத்து ஒப்பிடுங்கள். நிறை 0.01க்குள்ளும், அளவுகள் 0.05 மில்லிமீற்றருக்குள்ளும் பொருந்த வேண்டும். நிறை பொருந்தி ஆழம் பொருந்தாவிட்டால் கல் மாறியிருக்கிறது.

விற்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

நம் பக்கத்து நகைக்கடைகள் பெரும்பாலும் தங்கத்துக்கு மட்டும் விலை சொல்லும், கல்லைக் கழற்றிக் கையில் தந்துவிடும். அப்படித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கல்லுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். பேருவளை, இரத்தினபுரி போன்ற கல் சந்தைகளில் ஒரே நாளில் மூன்று பேரிடமாவது காட்டலாம். போகுமுன் நிறையையும் அளவையும் எழுதி, நிழல் வெளிச்சத்தில் வேணியர் இடுக்கியோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். கல்லை ஒருவர் பார்வைக்கு எடுத்துப்போனால் கரட்டும் மில்லிமீற்றரும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். திரும்பி வந்ததும் அவர் முன்னாலேயே மறுபடி நிறுத்துவிட்டுப் பொட்டலத்தை மடியுங்கள்.